கதவு ஒன்று, மூடிய நிலையில்

கதவை வாங்கும்போது அவள் அறுபத்து நான்கு பக்க நிபந்தனைகளுக்குச் சம்மதம் சொன்னாள். நான்கு விநாடி ஆயிற்று.

மரக் கதவு. பழுப்பு நிறம். பித்தளையில் உருண்டைக் கைப்பிடி. திரையில் மட்டும் இருக்கும் கதவு அது. வீடியோ கேம் செய்கிறவர்களுக்காக மரம், குதிரை, மேகம் எல்லாம் வரைந்து விற்கும் இணையக் கடை ஒன்றில் வாங்கினாள். ரசீதில் இப்படி இருந்தது: கதவு ஒன்று, மூடிய நிலையில்.

அவளுடைய வேலை வேறு. பயணச்சீட்டு பதிவு செய்யும் திரைகளுக்குப் பொத்தான்கள் வரைந்து கொடுப்பாள். கேம் செய்தது அண்ணனுக்காக.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் காலை பல் துலக்கும்போது பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மூன்று சொற்கள் மிஞ்சின. சரி, இல்ல, ரைட். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் வாரம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உருண்டைக் கைப்பிடியைத் திருப்ப வலது மணிக்கட்டு வரவில்லை. இடது கையை வைத்துத் திருப்பலாம் என்று தோன்றவில்லை. அண்ணி தையல் கம்பெனியிலிருந்து வரும்வரை ஒன்றரை மணி நேரம் உள்ளேயே நின்றிருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. சாத்திய கதவைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“மணிக்கட்டு திரும்பணும்மா,” என்றாள் உடற்பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரி பிசியோ. “முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் வரும். அப்புறம் ரொம்ப கஷ்டம்.”

கேம் எளியது. உள்ளங்கையில் ஒரு சின்னக் கருவியைப் பட்டையால் கட்டிவிட வேண்டும். மணிக்கட்டு திரும்பினால் திரையில் கைப்பிடி திரும்பும். போதிய அளவு திரும்பினால் கதவு திறக்கும். பின்னால் ஒருமுறை கடல். ஒருமுறை சந்தை. ஒருமுறை நீண்ட சாலை. சாலை வந்தால் அண்ணன் கதவைத் திரும்ப மூட விடமாட்டார்.

நிஜக் கதவுக்கு முகம் திருப்பியவர் இந்தக் கதவில் ஒரே காலையில் நாற்பது தடவை முயன்றார். ஐந்து வாரத்தில் மணிக்கட்டு கால்வாசி திரும்பியது.

பிசியோ பார்த்தாள். “எங்க வார்டுல பன்னண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்கும் வேணும்,” என்றாள். ஆஸ்பத்திரி ஒரு காகிதம் கேட்டது. கேமில் உள்ள படங்களுக்கு உரிமம் சரியாக இருக்கிறது என்ற சான்று. அவள் அந்தக் கடையின் உரிம அலுவலகத்துக்கு விண்ணப்பித்தாள்.

அன்று மாலையே திரையிலிருந்து கதவு போய்விட்டது. அந்த இடத்தில் சாம்பல் நிறப் பலகை ஒன்று நின்றது. பரிசீலனையில் உள்ளது என்று எழுதியிருந்தது. அண்ணன் அதன் முன் கையை நீட்டியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“கேக்காம இருந்திருந்தா கதவு இருந்திருக்கும்,” என்றாள் அண்ணி. “யோக்கியமா போய்க் கேட்டே பாரு, உன்னைச் சொல்லணும்.”

அது நான்காவது மாதம்.

உரிம அலுவலகத்தின் சுவர்களில் படம் எதுவும் இல்லை. படம் மாட்டியிருந்த ஆணிகள் இருந்தன. முதல் மேசையில் இருந்த எழுத்தர் ரசீதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உங்க கேம்ல கதவு திறக்குதா?”

“திறக்கும்.”

“மூடிய நிலையில்னு போட்டிருக்கே.”

“விக்கும்போது மூடியிருக்கும்னு நினைச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. திறந்தா பின்பக்கம் தெரியும். கடை முன்பக்கத்தைத்தான் வித்திருக்கு. பின்பக்கம் யாரோடது?”

“நான் வரைஞ்சேன்.”

“அப்ப ஒரே கதவுல ரெண்டு குடித்தனம்,” என்றார் எழுத்தர். “பிரிவு அதிகாரியைப் பாருங்க.”

பிரிவு அதிகாரி நாற்பத்து ஒன்றாம் விதியின் மேல் விரலை வைத்துக்கொண்டே பேசினார். எடுத்தால் விதி எழுந்து போய்விடும் என்பது போல.

“வாங்கின பொருள் கேம்ல இருக்கலாம். ஆனா அதுவே கேமோட முக்கியப் பொருளா இருக்கக் கூடாது. இந்தக் கேம்ல கதவைத் தவிர என்ன இருக்கு?”

“எங்க அண்ணன் இருக்கார்.”

“அவர் வெளிய உக்காந்திருக்கார். உள்ள?”

“கதவு.”

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். “மக்கள் தேவையான பொருளையே வாங்கறாங்கம்மா. அதுதான் எங்களுக்குத் தலைவலி. தேவையில்லாததை வாங்கினா ஒரு தகராறும் இல்ல. இங்க வர்ற விண்ணப்பத்துல சீக்கிரம் பாஸாகறது எது தெரியுமா? யாருமே விளையாடாத கேம். காலையில வந்தா மத்தியானம் கையெழுத்து.”

“நான் இந்தக் கதவை விட்டுட்டு வேற வாங்கிக்கறேன் சார்.”

“விண்ணப்பம் நிலுவையில இருக்கறப்போ வேற கதவு வாங்கக் கூடாது.”

“அப்ப விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுங்க.”

“ஏத்துக்கிட்ட விண்ணப்பத்தைத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். இதை நாங்க இன்னும் ஏத்துக்கலை.”

அதிகாரி இரக்கத்தோடு பார்த்தார். கதவின் முக்கியத்துவத்தை அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். நூற்றுக்கு இருபதுக்குள் இருந்தால் சான்று கிடைக்கும்.

மதிப்பீட்டாளர் ஒரு சின்ன கேமராவோடு வீட்டுக்கு வந்தார். அளப்பதற்காகப் பத்து நிமிடம் மட்டும் கதவைத் திரைக்குத் திரும்பக் கொண்டுவர அவருக்கு அதிகாரம் இருந்தது. பார்ப்பவரின் கண் எதன்மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேமரா கணக்கெடுக்கும். அண்ணன் கதவைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து நிமிடமும் கண்ணை எடுக்கவில்லை.

“தொண்ணூத்தி ஏழு,” என்றார் மதிப்பீட்டாளர். “மீதி மூணு கண் சிமிட்டினது.”

அவள் கேமில் வேறு பொருள்களைச் சேர்த்தாள். முக்காலி, குடை, விளக்கு, சுவர்க் கடிகாரம். எல்லாம் அவளே வரைந்தவை. மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார். அண்ணி தேநீரோடு ஒரு தட்டு பிஸ்கட்டும் வைத்தாள். மெதுவாகக் குடிக்கச் சொன்னாள்.

“இந்த ஆள் தினம் வந்தா தேவலை,” என்று அடுப்படியில் கிசுகிசுத்தாள். “பத்து நிமிஷமாவது கை வேலை செய்யுது.”

தொண்ணூற்று ஆறு.

“கதவைக் கொஞ்சம் கவனிக்காம இருக்க அவரைப் பழக்குங்க,” என்றார் மதிப்பீட்டாளர்.

“கவனிக்கப் பழக்கறதுக்குத்தான் சார் நாங்க உயிரை விடறோம்,” என்றாள் அண்ணி.

“அது ஆஸ்பத்திரியோட பார்வை. எங்க பார்வை வேற.”

“கதவை வாங்கினியா, கட்டிக்கிட்டியா?” என்று அண்ணி அவளிடம் கேட்டாள். “இத்தனை நிபந்தனை என் கல்யாணத்துக்கே இல்ல.”

அவள் ஒரு நாயைச் சேர்த்தாள். நாய் குரைத்தது. மழை சேர்த்தாள். தபால்காரர் ஒருவர் திரையில் குறுக்கே போனார். மூன்றாம் முறை அளந்தபோது அண்ணன் நாயைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். கதவு எங்கே என்று தேடினார். தபால்காரர் வந்ததும் பயந்துவிட்டார். கையிலிருந்த கருவியைக் கழற்றச் சொல்லி உதறினார். மீதி நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாப்பத்தி ரெண்டு,” என்றார் மதிப்பீட்டாளர். முகம் மலர்ந்தது. “நல்ல முன்னேற்றம். இன்னும் நாலு நாய் சேர்த்தா பாஸ்.”

அவர் போனதும் அவள் நாயை அழித்தாள். தபால்காரரையும் மழையையும் அழித்தாள்.

அடுத்த வாரம் பிசியோ அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “வந்த கால்வாசியும் போயிட்டிருக்கு,” என்றாள்.

அது ஐந்தாவது மாதம்.

அவள் தானே ஒரு கதவு வரைந்தாள். பச்சை நிறம். கைப்பிடி இரும்பு. வாங்கிய கதவை நீக்கி இதைச் சேர்க்க அனுமதி கேட்டு உரிம அலுவலகத்துக்குப் போனாள். பிரிவு அதிகாரி இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார்.

“இதுவும் செவ்வகம்.”

“கதவு சார்.”

“கைப்பிடியும் அதே உயரத்துல இருக்கு.”

“கை அங்கதானே இருக்கு.”

“நீங்க எங்க கதவைப் பார்த்திருக்கீங்க. பார்த்ததுக்கு அப்புறம் நீங்க வரையற எந்தக் கதவும் அதோட குழந்தைதான். ஐம்பத்து ஆறாம் விதி.”

“பொறந்ததுலேர்ந்து கதவு பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“அதையெல்லாம் பார்த்து வரைஞ்சேன்னு காட்டுங்க, ஒத்துக்கறோம். இந்தக் கதவை மறந்துட்டதா சான்று வேணும். மூணாவது மாடி. மறதிப் பிரிவு.”

மூன்றாவது மாடியில் ஓர் அறை. திரைச்சீலைகள் மூடியிருந்தன. மறதி அலுவலர் மேசையைப் பார்த்தபடியே பேசினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலில் அவள் அதை அலட்சியம் என்று நினைத்தாள்.

“எந்தக் கதவை மறந்தீங்க?”

“பழுப்பு நிறம். பித்தளைக் கைப்பிடி.”

“அப்ப மறக்கலை.”

அவள் யோசித்தாள். “எந்தக் கதவுன்னு தெரியலை சார்.”

“அப்ப விண்ணப்பம் முழுமையா இல்ல. எந்தக் கதவுன்னு தெரியாம சான்று எப்படித் தர்றது?” அலுவலர் பேனாவை மூடினார். “கோவிச்சுக்காதீங்கம்மா. பதினாலு வருஷமா இங்க இருக்கேன். ஒரே ஒருத்தருக்குத்தான் சான்று கொடுத்திருக்கேன். அவர் எதுக்கு வந்தார்ங்கறதையும் மறந்துட்டார். வாங்காமயே போயிட்டார்.”

“நீங்க ஏன் சார் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறீங்க?”

“பார்த்தா பதிஞ்சிடும். பதிஞ்சதுக்கெல்லாம் நான் பொறுப்பு. பஸ்ல கண்ணை மூடிக்கிட்டுத்தான் வருவேன். வீட்டுச் சுவத்துல ஒரு காலண்டர் கிடையாது. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்சு எடுத்துட்டு வந்தா, நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன். பார்க்கறதில்ல.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகு கேட்டார். “உங்க வீட்டுல யாருக்காவது ஞாபகக் குறைவு உண்டா? டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கணும்.”

அவள் தயங்கினாள். அண்ணனின் மருத்துவ அறிக்கையைப் பையிலிருந்து எடுத்தாள். மூளையின் இடது பாகம், நினைவில் பாதிப்பு, முத்திரை, கையெழுத்து.

அலுவலர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். மணியடித்து எழுத்தரை அழைத்தார். எழுத்தரும் படித்தார்.

“முத்திரையோட இருக்கு,” என்றார் எழுத்தர்.

“கொடுத்துவெச்சவர்,” என்றார் மறதி அலுவலர்.

ஆக, அந்த வீட்டில் கதவு வரையச் சட்டப்படி தகுதி உள்ளவர் அண்ணன் ஒருவர்தான் என்று முடிவாயிற்று.

வரைவதை மேற்பார்வை செய்ய மதிப்பீட்டாளர் வந்தார். வாங்கிய கதவை நினைவூட்டக் கூடாது என்பதால் கதவு என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. அண்ணனின் இடது கையில் பென்சிலைக் கொடுத்தார்கள்.

“சார், ஒரு இடத்துலேர்ந்து வெளிய போறதுக்கு எது வேணுமோ அதை வரைங்க,” என்றார் மதிப்பீட்டாளர்.

அண்ணன் யோசித்தார். பேருந்து வரைந்தார். சக்கரங்களோடு.

“தப்பில்லையே,” என்றாள் அண்ணி.

“உள்ளயும் வெளியவும் நடுவுல இருக்குமே, அது.”

அண்ணன் ஜன்னல் வரைந்தார்.

“சாத்தலாம். திறக்கலாம். கையால பிடிக்கலாம்.”

அண்ணனின் பென்சில் நின்றது. முகம் மாறியது. ஒரு கோணலான கட்டம் போட்டார். அதன் நடுவில் ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்தி வரைந்தார். தாள் கிழியும் அளவுக்கு. முடித்தபோது வட்டம் கட்டத்தில் பாதியை அடைத்திருந்தது. குளியலறைக்குள் நின்றிருந்த ஒன்றரை மணி நேரமும் அவர் அதைத்தான் பார்த்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

“ரைட்,” என்றார் அண்ணன்.

“விண்ணப்பதாரர் உறுதி செய்தார்,” என்று மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார்.

அந்தத் தாளை அண்ணன் யாரிடமும் கொடுக்கவில்லை. பிரதி எடுக்க மட்டும் விட்டார். அவள் அதைக் கேமில் சேர்த்து வைத்தாள். இறுதி உத்தரவு வந்தால் திறக்கலாம். அதற்கு முன் ஒரு விசாரணை பாக்கி இருந்தது. கடையின் கதவை அண்ணன் உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்று சோதிப்பார்கள். ஐந்து கதவுகளைக் காட்டுவார்கள். எதையும் அவர் அடையாளம் காணக் கூடாது.

விசாரணை நாள் ஆறாவது மாதத்தின் நடுவில் வந்தது. காலையில் அவள் அண்ணனின் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே. அவங்க படம் காட்டுவாங்க. எது காட்டினாலும் இல்லன்னு தலையாட்டணும். சரியா?”

“சரி.”

“இது தெரியுமா?” என்று ஸ்பூனைக் காட்டினாள்.

அண்ணன் ஸ்பூனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். அவள் சட்டைப் பொத்தானைக் காட்டினாள். தலையாட்டினார். அண்ணியைக் காட்டினாள். அதற்கும் ஆட்டினார். சிரித்தது போல இருந்தது.

அண்ணி சிரிக்கவில்லை. அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். “ஞாபகம் வரணும், ஞாபகம் வரணும்னு அஞ்சு மாசமா வேண்டினேன்,” என்றாள். “இன்னிக்கு மட்டும் வராம இருக்கணும்னு வேண்டிக்கணுமா?”

அண்ணன் வரைந்த தாளை, அவர் பிடித்திருந்தபடியே அவள் நாலாக மடித்துவிட்டாள். அசல் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

விசாரணை அறையில் சுவர் அளவுக்கு ஒரு திரை இருந்தது. பிரிவு அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் மதிப்பீட்டாளர். மறதி அலுவலர் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

முதல் படம் இரும்புக் கதவு. அண்ணன் தலையாட்டினார். இல்லை.

இரண்டாவது கண்ணாடிக் கதவு. இல்லை.

மூன்றாவது ஏதோ கோட்டையின் கதவு. அண்ணன் கொட்டாவி விட்டார். இல்லை. அவள் மூச்சை விட்டாள்.

நான்காவது, பழுப்பு நிறம். பித்தளைக் கைப்பிடி.

அண்ணன் நிமிர்ந்தார். அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தாள். மறந்துடுண்ணே, என்று உள்ளுக்குள் சொன்னாள். உடனே அப்படிச் சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் சொல்லிக்கொடுத்தபடியே தலையாட்டினார். இல்லை. நன்றாக, இரண்டு தடவை ஆட்டினார்.

அவருடைய வலது கை மடியிலிருந்து எழுந்தது. மெதுவாக முன்னால் நீண்டது. விரல்கள் எதையோ பிடிப்பது போல வளைந்தன. மணிக்கட்டு திரும்பியது. கால்வாசி. அங்கே கொஞ்சம் நடுங்கியது. நிற்கவில்லை. பாதிக்கு மேல் திரும்பிய பிறகே நின்றது.



“தலை இல்லன்னு சொல்லிச்சு,” என்றார் மதிப்பீட்டாளர். “நான் பார்த்தேன்.”

“கை?” என்றார் பிரிவு அதிகாரி.

“கை சொன்னதை எந்தக் கட்டத்துல எழுதறது சார்? படிவத்துல வாய், தலை ரெண்டுதான் இருக்கு.”

“என்ன ஆச்சு?” என்றார் மறதி அலுவலர், முதுகைக் காட்டியபடி. “யாராவது சொல்லுங்க. நான் பார்க்க முடியாது.”

சொன்னார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“மறதின்னா மொத்த ஆளுக்கும்தான்,” என்றார். “ஒரு உறுப்பு மறக்கலைன்னாலும் செல்லாது.”

சந்தேகம் தீர இன்னும் இரண்டு முறை காட்டினார்கள். இரண்டு முறையும் தலை மறுத்தது. இரண்டு முறையும் கை திரும்பியது. அவளுக்கு அழுகை வந்தது. எதற்கென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிரிவு அதிகாரி சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டச்சு செய்தார். மேற்படி நபர் மேற்படி கதவை மறக்கவில்லை. அவர் வலது கை அதைத் தெளிவாக அறிந்திருக்கிறது. திறக்கவும் முயன்றது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கதவு நிரந்தரமாக முடக்கப்படுகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கேட்டாள். “இதுக்கு ஒரு நகல் கிடைக்குமா சார்?”

“நிராகரிப்புக்கா? அதை யாரும் வாங்கறதில்லையே.”

“பிசியோகிட்ட காட்டணும்.”

அதிகாரிக்குப் புரியவில்லை. கொடுத்தார். பிறகு ஞாபகம் வந்தவர் போல அண்ணனின் மடியைப் பார்த்தார்.

“அவருக்கு மறதி இல்லன்னு ஆயிடுச்சு. அப்ப அவர் வரைஞ்சதும் எங்க கதவைப் பார்த்து வரைஞ்சதுதான். பிரதியை அழிச்சிடுங்க. அசலை இங்க கொடுத்துடுங்க.”

“அது ஒரு கட்டம் சார். நடுவுல ஒரு வட்டம்.”

“ஐம்பத்து ஆறாம் விதி.”

எழுத்தர் எழுந்து வந்தார். குனிந்து, தாளின் மேல் நுனியைப் பிடித்து மரியாதையாக இழுத்தார். தாள் வரவில்லை. அண்ணனின் இடது கை அதைப் பிடித்திருந்தது. எழுத்தர் மறுபடி இழுத்தார். வலது கை நகர்ந்து வந்தது. இடது கையின் மேல் உட்கார்ந்தது. ஒவ்வொரு விரலாக மடங்கியது.

மதிப்பீட்டாளர் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“விடச் சொல்லுங்கம்மா,” என்றார் பிரிவு அதிகாரி.

அவள் சொல்லவில்லை.